அண்ணன் பேரில் ஒரு ஞானஸ்நானம்

மிசிசாகா, கனடா
09.03.2025

அன்புள்ள மதினிக்கு,

கடித உறையைப் பார்த்ததும் பயந்துவிடாதீர்கள். எனக்கும் ஜேசனுக்கும் ஒரு குறையுமில்லை. வாரம் தவறாமல் போனில் பேசுகிறவள் திடீரென்று தாளும் பேனாவுமாக உட்கார்ந்தது ஏன் என்று யோசிப்பீர்கள். போனில் கேட்டால் நீங்கள் அந்த நிமிடமே பதில் சொல்ல வேண்டிவரும். உங்கள் குரல் மாறினால் நான் அழுவேன். பிறகு இரண்டு பேரும் என்ன கறி சமைத்தோம் என்று பேசிவிட்டு வைத்துவிடுவோம். இது ஆறுதலாக வாசித்து ஆறுதலாகப் பதில் எழுத வேண்டிய விஷயம்.

பொங்கலுக்கு நீங்கள் அனுப்பிய தேயிலை வந்து சேர்ந்தது. பார்சலைப் பிரித்ததும் வீடே நம் ஊர் மாதிரி மணத்தது. எங்கள் சபையில் தேயிலையும் கோப்பியும் குடிப்பதில்லை, மதினி. வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டியம்மாவுக்குக் கொடுத்தேன். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவளுக்குப் பார்த்துப் பார்த்து இப்படி ஒரு சபை கிடைத்திருக்கிறதே என்று ஜேசன் சிரிக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் மோர்மன் என்று சொல்கிற எங்கள் சபைக்கு ஞாயிறு ஆராதனை நடக்கும் இடம் வேறு, ஆலயம் வேறு. அந்த ஆலயத்தில், உயிரோடிருக்கும்போது ஞானஸ்நானம் பெறாமல் போனவர்களுக்காக உயிரோடிருக்கிற ஒருவர் தண்ணீரில் இறங்குவார். இறந்தவர்மேல் எதையும் திணிப்பதில்லை. அந்தப் பக்கத்தில் அவருக்கும் நற்செய்தி சொல்லப்படும், விரும்பினால் ஏற்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லலாம் என்பதுதான் எங்கள் நம்பிக்கை. ஆணுக்காக ஆண்தான் இறங்க வேண்டும். அண்ணனுக்காக, தங்கச்சி புருஷன் என்ற முறையில் ஜேசன் இறங்கச் சம்மதித்திருக்கிறார்.

ஆனால் இறந்தவருடைய மனைவி இருக்கும்போது அவருடைய சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது. அதைத்தான் கேட்கிறேன்.

அண்ணன் போனபோது என்னுடைய விசா முடிவாகவில்லை. இங்கிருந்து வெளியே போனால் திரும்பி வர முடியாது என்றார்கள். போன் திரையில்தான் பெட்டியைப் பார்த்தேன். பிடித்திருந்தவரைக் கூட்டம் நெருக்க, பாதி நேரம் லயத்து வீட்டுக் கூரைத் தகரம்தான் தெரிந்தது. கூடப் பிறந்தவனுக்கு ஒரு பிடி மண்கூட நான் போடவில்லை. இதையாவது செய்ய விடுங்கள், மதினி.

உங்கள் கையால் சோறு தின்று வளர்ந்த,
நிரஞ்சலா


லுணுகலை
06.04.2025

பிரியமுள்ள நிரஞ்சலாவுக்கு,

இதுவரைக்கும் நடத்திவந்த ஆண்டவர் இனியும் உங்கள் இருவரையும் நடத்துவார். உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. இங்கே மழை பிந்திவிட்டது, கொழுந்து குறைவு, பெண்களுக்கு அரைநாள் வேலைதான். நான் படிப்பிக்கும் முன்பள்ளியில் பிள்ளைகள் புத்தாண்டு லீவுக்கு நாள் எண்ணுகிறார்கள்.

தேயிலையை ஒரு வெள்ளைக்காரப் பாட்டி குடித்துவிட்டாள் என்பதை வாசித்து முதலில் கோபம் வந்தது. பிறகு பரவாயில்லை, யாரோ நன்றாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இனி மிளகாய்த்தூள் அனுப்புகிறேன். அதற்கும் உங்கள் சபையில் தடை இருந்தால் முன்கூட்டியே எழுது.

நீ ஆண்டவரை அறிய வேண்டும் என்று வருஷக்கணக்காக முழங்காலில் நின்றவள் நான். நீ கனடாவுக்குப் போகும்போது என்னுடைய வேதாகமத்தைத்தான் உன் பெட்டியில் வைத்தேன். ஒருநாள் போன் எடுத்து, "மதினி, நான் ஞானஸ்நானம் எடுத்துட்டேன்"னு சொன்னாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் எந்தச் சபை என்று சொன்னாய். என் ஜெபத்தை ஆண்டவர் கேட்டாரா, அல்லது பாதி கேட்டுவிட்டு வேறு வேலையாகப் போய்விட்டாரா என்று அன்றைக்கு அவரிடமே கேட்டேன். நீ சிரிக்காதே.

நிரஞ்சலா, நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். இரட்சிப்பு இலவசம். நாம் செய்வதால் வருவதில்லை, நாம் செய்யாததால் நின்றுபோவதும் இல்லை. அதற்கு மேல் ஒரு ஆலயம், ஒரு தண்ணீர், ஒரு அனுமதி என்று வைத்தால் சிலுவை போதவில்லை என்று சொன்னதாகிவிடும். பாஸ்டர் மாணிக்கராஜிடம் உன் கடிதத்தைக் காட்டவில்லை. அவரும் இதைத்தான் சொல்வார்.

இது வாதத்துக்காக எழுதியது என்று நினைத்துவிடாதே. உனக்குச் சொல்லாத ஒன்றையும் சொல்கிறேன். அது பெற்றோல் இல்லாத வருஷம். ஆட்டோ லயத்து வாசலில் கிடந்தது, சமையல் கேஸும் இல்லை. அதனால்தான் உன் அண்ணன் விறகுக்குப் போனார். மலையில் குளவி கலைந்து, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அங்கம்மா விழுந்துகிடந்தாள். இவர் விறகு கட்டக் கொண்டுபோன சாக்கை அவள்மேல் போர்த்தி, அவளை அணைத்தபடி கிடந்தார். இவ்வளவும் உனக்குத் தெரியும்.

தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவர் தலை என் மடியில் இருந்தது. முகம், கழுத்து எல்லாம் வீங்கி, பேச்சு வரவில்லை. நான் காதுக்குள், "வாயால முடியலேன்னா மனசுல சொல்லுங்க. இயேசுவேன்னு மட்டும் சொல்லுங்க"ன்னு கெஞ்சினேன். அவர் என் கையை ஒருதரம் அழுத்தினார். வழியில் பசறைக்கு வருமுன்னே போய்விட்டார்.

அந்த அழுத்தம் ஆமாம் என்பதா? வலியா? அல்லது நான் அழுகிறேன் என்று என்னைத் தேற்றினாரா? அவர் அப்படிச் செய்யக்கூடிய மனிதர்தானே. பாஸ்டரிடம் கேட்டேன். "அது ஆண்டவருக்குத்தான் தெரியும்மா"ன்னு சொன்னார். பொய் சொல்லி என்னைத் தேற்றாததற்கு அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்தக் கையை ஆண்டவர் பார்த்தார், இனி அவர் பொறுப்பு என்று அவரிடம் விட்டிருக்கிறேன். தினமும் விடுகிறேன், தினமும் அது திரும்பி வருகிறது. உனக்குச் சம்மதம் கொடுத்தால், விட்டதை நானே திரும்ப எடுத்ததாகிவிடும்.

அதனால் என் சம்மதம் இல்லை, கண்ணு. என்மேல் வருத்தப்படாதே.

உன்னை நினைத்தபடி,
மதினி நிஷாலினி


மிசிசாகா
11.05.2025

மதினிக்கு,

லொறியில் நடந்ததை வாசித்துவிட்டு அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. மூன்று வருஷமாக இதை வைத்துக்கொண்டுதானா என்னோடு மழையையும் மரக்கறி விலையையும் பேசிக்கொண்டிருந்தீர்கள்?

நான் படித்தவள் இல்லை, உங்களைப்போல வசனம் எடுத்துச் சொல்லவும் வராது. ஆனால் யோசித்ததை எழுதுகிறேன். உங்கள் வாசலில் ஒருவரிடமும் எதுவும் கேட்பதில்லை. சும்மா வரலாம், உண்மைதான். ஆனால் உயிர் போகிற நிமிடத்தில் அந்தக் கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. ஒரு குளவிக்கூடு கலைந்ததால் அண்ணனுக்கு நேரம் முடிந்துவிட்டது என்றால், அந்தக் கிருபையை இலவசம் என்று எப்படிச் சொல்வது? கடைசி மூச்சுக்குள் பிடிக்கத் தெரிந்தவர்களுக்குத்தானே அது?

எங்களிடம் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. மறைக்கவில்லை. நம்மாலானதை எல்லாம் செய்ய வேண்டும், அதற்குப் பிறகும் காப்பாற்றுவது கிருபைதான் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். நம்மாலானது எது, எங்கே முடிகிறது என்று எனக்குச் சில நாள் தெரிவதில்லை. வேலை முடிந்து வந்து, சபைப் பெண்கள் வீடுகளுக்குப் போய், உபவாசம் இருந்து, படுக்கும்போது இன்னும் ஏதோ பாக்கி என்று தோன்றும். அப்போது உங்கள்மேல் பொறாமையாகவும் இருக்கும். ஆனால் எங்கள் சபையில் செத்தவர்களுக்கும் கதவு திறந்திருக்கிறது, மதினி. ஏறக்குறைய எல்லோருக்கும் ஏதோ ஒரு மகிமையான இடம் உண்டு என்கிறார்கள். அண்ணனை வெளியே நிறுத்தாத ஒரு சபை எனக்கு வேண்டியிருந்தது. இங்கே வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

உங்கள் சபை அண்ணனை எப்படி நடத்தியது? இந்து மாப்பிள்ளை என்று கலியாணம் செய்துவைக்கவில்லை. அரசாங்கக் கச்சேரியில் கலியாணத்தைப் பதிந்தீர்கள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டோவில் உங்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை வெளியே காத்திருந்தார்.

இங்கே ஒரு அம்மா, "கம்ப்யூட்டரில் சம்மதம் இருக்கிறது என்று ஒரு சரி போட்டால் போதும், யாரும் வந்து பார்க்கப் போவதில்லை" என்றார். நான் போடவில்லை. போடவும் மாட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். அவர் உங்களுக்குப் புருஷனாவதற்கு முன்பே எனக்கு அண்ணன்.

நிரஞ்சலா


லுணுகலை
27.07.2025

பிரியமுள்ள நிரஞ்சலாவுக்கு,

நீ போன் எடுக்காமலிருந்த இந்த இரண்டு மாதமும் எனக்கு எப்படிப் போயின என்று எழுதப் போவதில்லை. உனக்கும் அப்படித்தான் போயிருக்கும். கோபத்தில் எழுதினாலும் உண்மையைத்தான் எழுதியிருந்தாய். அதை வாசித்து வாசித்துத்தான் எனக்கும் இவ்வளவு நாள் போனது.

இந்த மாதம் உன் அண்ணனுடைய நினைவு நாள் வந்தது. அன்று காலையில் அங்கம்மா என்னைக் கூப்பிட வந்தாள். வருஷா வருஷம் தோட்டத்துக் கோயிலில் அவர் பேரில் பூசை வைக்கிறாள். நான் போவதில்லை, அவளும் வற்புறுத்துவதில்லை. இந்தமுறை வாசலில் நின்றுகொண்டே, "நீங்க உள்ள வர வேணாம்மா. சாப்பாடு போடுறப்ப மட்டும் வந்து நில்லுங்க. உங்களக் கண்டா எனக்குச் சோறு தொண்டையில எறங்கும்"னு சொன்னாள். போனேன். மலையிலிருந்து வந்த பெண்கள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒருத்தி சாம்பாருக்கு உப்புப் போதாது என்றாள். எனக்கு ஏனோ அது நிம்மதியாக இருந்தது.

திரும்பி வரும்போது கடைக்கார ஸனூஸ் நானா வெளியே வந்தார். அவருடைய கடைக்கு முன்னால்தான் உன் அண்ணன் ஆட்டோவை நிறுத்துவார். "இன்னைக்கித்தானே தங்கச்சி? விடியக்காலம் சுபஹு தொழுதுட்டு அவருக்காகவும் கேட்டேன்"னு சொல்லிவிட்டு, நான் அழுதுவிடுவேனோ என்று பயந்தவர் மாதிரி உடனே உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். எல்லோரும் அவருக்காக எதையோ செய்கிறார்கள். நான் மட்டும் சும்மா இருக்கிறேன். எங்கள் சபையில் இறந்தவர்களுக்காக ஜெபிப்பதில்லை. எல்லாம் செய்து முடிக்கப்பட்டாயிற்று, நாம் கூட்ட ஒன்றுமில்லை என்பதுதான் எங்களுக்கு ஆறுதல். என் விஷயத்தில் அது எவ்வளவு பெரிய இளைப்பாறுதல் தெரியுமா? நான் எவ்வளவு கெட்டவளாயிருந்தாலும் தாங்கும். அவர் விஷயத்தில் அதே வார்த்தைதான் கல்லாகக் கிடக்கிறது. செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

கதவைப்பற்றிக் கேட்டிருந்தாய். கதவு எப்போது சாத்தப்படுகிறது என்று எனக்குத் தெரியாது. சாத்துகிறவர் யார் என்று மட்டும் தெரியும். அவருடைய கையில் ஆணித்தழும்பு இருக்கிறது.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. நாம் செய்கிற எதுவும் ஒருவரை இரட்சிக்காது என்று நான் நம்புவது உண்மையானால், நீங்கள் இறங்குகிற தண்ணீர் அவருக்கு ஒன்றையும் கூட்டாது. ஒன்றையும் குறைக்கவும் செய்யாது. என்னுடைய 'சரி'யால் ஆண்டவர் அவரைக் கைவிடப் போவதில்லை. என்னுடைய 'இல்லை'யால் பிடித்துக்கொள்ளப் போவதும் இல்லை. அப்படியிருக்க, நான் இல்லை என்று சொல்லி யாரைக் காப்பாற்றினேன்? அவரை இல்லை. என் விசுவாசத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, மண் போடக் கிடைக்காத ஒரு தங்கச்சியை மூன்று மாதம் அழவைத்தேன்.

நிரஞ்சலா, நீ செய்யப் போவதை நான் நம்பவில்லை. இதைத் தெளிவாகவே எழுதுகிறேன், பிறகு மதினி நம் பக்கம் வந்துவிட்டாள் என்று ஜேசனிடம் சொல்லிவிடாதே. ஆனால் நீ அவரை நேசித்ததை நம்புகிறேன். செய். இந்தக் கடிதமே என் சம்மதம். முத்திரை போட்டு என்றென்றைக்கும் புருஷன் பெண்சாதியாகச் சேர்த்துவைப்பது என்று உங்கள் ஆலயத்தில் இருக்கும் மற்றதெல்லாம் வேண்டாம். ஞானஸ்நானம் மட்டும்.

இன்னொன்று. படுக்கும்போது ஏதோ பாக்கி என்று எழுதியிருந்தாயே, அதைத்தான் அதிக தரம் வாசித்தேன். பாக்கி இல்லை, கண்ணு. உன் சபை என்ன சொன்னாலும் சரி, இதை மட்டும் என்னிடமிருந்து வாங்கிக்கொள். பாக்கி இல்லை. படுத்துத் தூங்கு.

என்றும் உன்,
மதினி


மிசிசாகா
07.09.2025

என் அருமை மதினிக்கு,

நேற்று நடந்தது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பன்னிரண்டு எருதுச் சிலைகளின் முதுகில் ஒரு பெரிய தொட்டி. எல்லோரும் வெள்ளை உடுப்பு. சத்தமே இல்லை. ஜேசன் தண்ணீரில் இறங்கினார். அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க நின்றவர் ஒரு கனடாக்காரத் தாத்தா, மிக மரியாதையான மனிதர். கையை உயர்த்தி ஜெபத்தைத் தொடங்கினார். அண்ணன் பேர் வந்ததும் நின்றுவிட்டார். "விஜ்... விஜெண்ட்..." என்றார். பேர் பிழையாக வந்தால் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். பக்கத்தில் சாட்சிக்கு இருந்தவர் தலையை ஆட்டினார், இல்லை என்று. மறுபடியும் தொடங்கினார். இந்தமுறை 'விஜேந்திரன்' ஒருமாதிரி வந்துவிட்டது, 'வீரய்யா'வில் போய் மாட்டிக்கொண்டார். அப்பா பேர் 'வாரியர்' மாதிரிக் கேட்டது. ஜேசன் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு சிரிப்பை அடக்க உதட்டைக் கடிக்கிறார்.

தாத்தா என் பக்கம் திரும்பி, எனக்குச் சொல்லித் தா மகளே என்று கேட்டார். அந்த அமைதியான இடத்தில் நான் சத்தமாகச் சொன்னேன். விஜேந்திரன். வீரய்யா. அவர் குழந்தை மாதிரித் திருப்பிச் சொன்னார். இன்னொருதரம் சொன்னேன். இன்னொருதரம் சொன்னார். அண்ணன் போனதிலிருந்து அவருடைய முழுப்பேரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை, மதினி. வீட்டில் 'அண்ணன்', போனில் 'அவரு', அவ்வளவுதானே. பிறகு அவர் பேரைச் சரியாகச் சொல்லி முடிக்க, ஜேசன் தண்ணீருக்குள் போய் எழுந்தார்.

ஒளி எதுவும் தெரிந்தது என்று உங்களுக்கு எழுத ஆசைதான். எதுவும் தெரியவில்லை. தண்ணீர் தளும்பிய சத்தம்தான் கேட்டது. காரில் ஏறியதும் அழத் தொடங்கியவள் வீடுவரைக்கும் நிறுத்தவில்லை. அது துக்கமில்லை. கல்லறையில் மண் போட்டுவிட்டுக் கை கழுவினால் எப்படியிருக்குமோ, அப்படியிருந்தது.

நீங்கள் நம்பவில்லை என்று ஜேசனிடம் சொல்லிவிட்டேன். அவர், "நம்பாம சம்மதம் குடுத்திருக்காங்கன்னா அதுதான் பெரிசு"ன்னு சொன்னார்.

'பாக்கி இல்லை' என்று நீங்கள் எழுதிய வரியை யாருக்கும் காட்டவில்லை. அது எங்கள் சபைப் பாடத்தில் சரியா பிழையா என்றும் கேட்கப் போவதில்லை. போன கிழமை சபைப் பெண்கள் வீடுகளுக்கு நான் போகவில்லை. மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

உங்கள் பிள்ளை,
நிரஞ்சலா


லுணுகலை
19.10.2025

பிரியமுள்ள நிரஞ்சலாவுக்கு,

உன் கடிதத்தைத் தபால் கந்தோர் வாசலிலேயே பிரித்து வாசித்தேன். உன் அப்பாவுக்கு அந்தத் தாத்தா வைத்த பேரை வாசித்து நடுத்தெருவில் நின்று சிரித்தேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

நான் பாஸ்டரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் உன் அண்ணனுக்குப் பெட்டி செய்யப் பலகை தேடி இந்த ஊர் முழுக்க நடந்த மனிதர். அவருக்கு மறைத்து நடப்பது எனக்கு ஒத்துவரவில்லை. முழுவதையும் கேட்டார். முகம் வாடிவிட்டது.

"சொல்லாம இருந்திருக்கலாமே நிஷாலினி. எனக்கு ஏன் சொன்னீங்க?"

"இத வச்சுக்கிட்டுப் பிள்ளைங்க முன்னுக்கு நின்னு பாடம் சொல்ல முடியல பாஸ்டர்."

"அப்போ கொஞ்ச நாளைக்கு ஞாயித்துக்கெழமை வகுப்புப் பிள்ளைங்கள வேற யாராச்சும் பாக்கட்டும். நான் கோவத்துல சொல்லலம்மா. சபைக்கு நான் பதில் சொல்லணும்."

"சரிங்க"ன்னு சொன்னேன். வருத்தம்தான், மறைக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் என் உயிர். எழுந்து வாசல்வரைக்கும் வந்தபோது அவரும் பின்னாலேயே வந்தார்.

"ஒண்ணு கேக்கலாமா? அது நடந்தப்புறம் உங்களுக்கு அவரப் பத்தின பயம் கொறைஞ்சிச்சா?"

"அந்தத் தண்ணியால கொறையல பாஸ்டர். அவ மனசு ஆறிருச்சுன்னு எழுதியிருந்தா. அதுல கொஞ்சம் கொறைஞ்சிச்சு."

அவர் குடை கொண்டுவந்தேனா என்று மட்டும் கேட்டார்.

இன்றைக்கு ஆராதனையில் நான் பெரியவர்களோடு உட்கார்ந்தேன். வகுப்பு இல்லாததால் முழு ஜெபவேளையும் உள்ளேயே இருக்கக் கிடைத்தது. அவரவர் உள்ளத்தில் இருப்பதை ஆண்டவரிடம் சொல்லுங்கள் என்று பாஸ்டர் சொன்னார். எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சத்தத்துக்குள் யாருக்கும் யாருடையதும் கேட்காது.

அவருக்காக எதையும் கேட்கக் கூடாது என்பதை நான் மீறவில்லை, நிரஞ்சலா. காப்பாற்றும் என்று கேட்கவில்லை. மன்னியும் என்று கேட்கவில்லை. பேரை மட்டும் சொன்னேன். "ஆண்டவரே, விஜேந்திரன்." மற்றது ஆண்டவருக்குத் தெரியாததா என்று ஆமென் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தேன்.

போன் எடு, கண்ணு. நேற்று மிளகாய்த்தூள் இடித்தேன். எவ்வளவு அனுப்ப என்று சொல்.

உன்,
மதினி